வீடு புகுந்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதனை நம்பி, வாயிற்படியில் ஆமையைக் கண்டதும் விளக்குமாற்றைக் கையிலெடுத்தவர்கள் முற்காலத்திற் பலர். இக்காலத்திலோ நிலைமை மாறிவிட்டது. ஆமையைத் தேடிப் பிடித்தும், விலை கொடுத்து வாங்கியும் வீட்டிற்குக் கொண்டுவந்து வளர்ப்போர் தொகை பெருகியிருக்கிறது. ஆராயுமிடத்து, ஆமையினால் ஒரு வீட்டிற்குக் கேடு நேர்ந்தது என்பதற்குச் சான்று எதுவும் கிடைப்பதில்லை. வீட்டினால் ஆமைக்குக் கேடு நேர்ந்தமைக்கோ சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. ஆகவே பழமொழியைச் சற்றே திருப்பிப் போட்டு, வீடு புகுந்த ஆமை உருப்படாது என்று கூறினாலும் பிழையாகாது.

இக்கேட்டினைச் செய்வது பகைமை அன்று, அன்பேயாகும். அடித்துத் துன்புறுத்தியதால் இறந்த வளர்ப்பு ஆமைகள் மிகச் சில. அன்போடு ஊட்டிய தகாத உணவினால் இறந்தவையே பல. நாய்க்கும் பூனைக்கும் ஒவ்வாத உணவைக் கொடுத்தால், அவை மறுநாளே வாந்தியெடுத்தோ உணவை வெறுத்தோ வளர்ப்பவருக்கு உணர்த்திவிடுகின்றன. ஆமை அவ்வாறு உடனே உணர்த்துவதில்லை. இன்று செய்த பிழையை அது ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் தன் ஓட்டின்மீது எழுதிக் காட்டுகிறது. அவ்வெழுத்தை வாசிக்கும் வேளையிற் பெரும்பாலும் காலங் கடந்துவிடுகிறது.

கண்டி நகரிலிருந்து வத்துகாமம் வழியாகப் பன்வில நோக்கி ஏறிச் செல்லும் பாதையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்திருப்பது மடுல்கெல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பி விளைந்து, பின்னர்த் தேயிலை படர்ந்த மலைச்சரிவு அது. அங்குள்ள தோட்டமொன்றின் லயக் காம்பரா ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. மன்னார்ப் பகுதியிலுள்ள மடுத் திருப்பதியின் விழாவிற்குச் சென்று திரும்பும் தாய்மாமன், வழியிலே பற்றையோரம் ஊர்ந்து சென்ற சிறிய ஆமை ஒன்றை மருமகனுக்கென்று துணிப்பையில் இட்டுக் கொண்டுவருகிறார். கறுத்த ஓடு, அவ்வோட்டின் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் நிறக் கீற்றுகள் விண்மீன் கதிர்போற் பரந்திருக்கின்றன. சிறுவனுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ? இஸ்தோப்பின் மூலையிலே பலகைப் பெட்டி ஒன்றை வைத்து அதனுள் ஆமையைக் குடியேற்றுகிறான்.

“அதுவும் நம்ம வீட்டுப் புள்ள மாதிரித்தானே ராசா. நாம சாப்பிடுற சோத்தையே பெசஞ்சு குடு” என்கிறாள் அப்பாயி.

பருப்புச் சோறும், பாலில் நனைத்த பாணும், பிஸ்கோத்துத் துண்டும், வாழைப்பழமும் மாறி மாறிப் பெட்டிக்குட் செல்கின்றன. ஆமையும் உண்ணுகிறது. மூன்று திங்களில் உள்ளங்கையளவாக இருந்த ஓடு அகன்று காண்கிறது. ‘எவ்வளவு விரைவாக வளர்கிறது!’ என்று அயலார் வியக்கின்றனர். ஆறாந் திங்களில், ஓட்டின் விளிம்பை விரலால் அழுத்தினால் அது நெகிழ்ந்து கொடுக்கிறது. நடக்கையிற் பின்னங்கால்கள் இழுபடுகின்றன. மழைக்காலம் தொடங்கியதும் மூக்கிலே நீர்க்குமிழி தோன்றுகிறது. பனி மூடிய விடியற்பொழுது ஒன்றில் ஆமை அசைவற்றுக் கிடக்கிறது. சிறுவன் தேம்பி அழுகிறான். அயலாரோ பழமொழியை நினைவு கூர்கின்றனர்.

இக்கதை ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டிலும் சமவெளியிலும் பல வீடுகளில் நிகழ்வதே இது. அவ்வீட்டில் எவரும் கொடியவரல்லர். ஆயினும் அங்கு நான்கு பிழைகள் நேர்ந்துவிட்டன. வந்தது எவ்வகை ஆமை என்பதை எவரும் உசாவவில்லை. அதற்கு இயற்கை விதித்த உணவு யாது என்பதை எவரும் எண்ணவில்லை. அவ்வுணவை எலும்பாக்கவல்ல வெயில் அதற்குக் கிடைக்கவில்லை. அதனைச் செரிக்கச் செய்யும் சூடும் கிடைக்கவில்லை. இந்நான்கினையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ஆமையின் இனம். ஆமைகள் யாவும் ஓடு சுமப்பன எனினும், அவற்றின் வாழ்க்கை ஒரே வகையினதன்று. நீரில் வாழும் ஆமைகள் வேறு. நிலத்தில் வாழும் ஆமைகள் வேறு. இலங்கையின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் காணப்படுகின்ற பால் ஆமையைச் சிங்கள மக்கள் ‘கிரி இப்பா’ என்பர். அதுவும், ‘கல் இப்பா’ எனப்படும் கறுத்த ஆமையும் நன்னீரைச் சார்ந்து வாழ்பவை. பால் ஆமை மீன், தவளை, நத்தை, பூச்சி முதலியவற்றையும் நீர்த்தாவரங்களையும் உண்ணும். இவற்றுக்கு மாறாக, மடுவிலிருந்து வந்த நட்சத்திர ஆமை தரைக்குரியது. பெரும்பாலும் புல்லும் இலையும் பூவும் உண்டு வாழ்வது. இலங்கையின் நிலத்தில் இயற்கையாக வாழும் தரையாமை இஃதொன்றே. யால, வில்பத்து, மன்னார், அம்பாந்தோட்டை போன்ற வறண்ட வலயப் பகுதிகளே இதன் தாயகம். தென்னிந்தியாவிலும் இது வாழ்கிறது. ஆயினும் இலங்கையில் வளர்பவை அங்குள்ளவற்றினும் பருத்தவை. இந்நாட்டு ஆமைகளையும் முதலைகளையும் விரிவாக ஆராய்ந்து, 1939ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல ஆவார். கொழும்பு நூதனசாலையின் தலைவராக நெடுங்காலம் விளங்கியவர் அவர்.

செல்லப் பிராணிகளை விற்கும் கடைகளிலே கண்ணாடித் தொட்டிக்குள் நீந்துகின்ற, காதோரம் செந்நிறப் பட்டையுடைய பச்சை ஆமைக் குஞ்சுகளை நேயர்கள் பார்த்திருக்கலாம். அவை அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நீராமைகள். அவற்றுக்குப் புல்லை மட்டும் கொடுத்தாலும் கேடு; உலர்ந்த இறாலை மட்டும் கொடுத்தாலும் கேடு. உலர்ந்த இறாலையோ வெறும் இறைச்சியையோ மட்டும் உண்டு வளரும் நீராமைக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து, கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொள்கின்றன. கண் மூடிய ஆமை இரையைக் காணமாட்டாது பட்டினியால் வாடுகிறது. சிறு மீன், மண்புழு, நீர்த்தாவரம், கடும்பச்சை இலை ஆகியவை கலந்த உணவே அவற்றுக்கு ஏற்றது. தரையாமைக்கோ இறைச்சி வேண்டுவதேயில்லை. ஆதலால், ‘ஆமைக்கு என்ன கொடுக்கலாம்?’ என்று கேட்பதற்கு முன், ‘இது எந்த ஆமை?’ என்று கேட்பதே அறிவுடைமை.

இரண்டாவது, உணவு. மடுல்கெல்லச் சிறுவனின் வீட்டிற்கு வந்த தரையாமையையே எடுத்துக்கொள்வோம். வறண்ட வலயத்துப் பற்றைக்காட்டிலே அது என்ன உண்டு வாழ்ந்தது? புல், பூண்டு, கொடியின் இலை, உதிர்ந்த பூ, சாறுள்ள தண்டு, எப்போதாவது கீழே விழுந்த கனி ஆகியவற்றையே உண்டது. அவ்வுணவு கரடுமுரடானது, நார் மிகுந்தது, சத்துச் சுருங்கியது. அத்தகைய உணவிலிருந்தே உயிர் வாழும்படியாக அதன் குடல் அமைந்திருக்கிறது. பசுவிற்கு இரைப்பையில் நிகழும் வேலை, தரையாமைக்குப் பெருங்குடலில் நிகழ்கிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் நாரை மெல்ல மெல்லப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. உண்ட புல் அதன் உடலைக் கடந்து வெளியேறப் பல நாட்கள் ஆகும். இத்தகைய குடலிலே மாவும் இனிப்பும் பெருகினால், அந்நுண்ணுயிர்களின் ஒழுங்கு குலைகிறது, வயிறு உப்புகிறது, கழிச்சல் உண்டாகிறது. பாலைச் செரிப்பதற்கான ஆற்றல் ஊர்வன இனத்துக்கு இல்லை. தாய்ப்பால் என்பதையே அறியாத உயிருக்குப் பாலில் நனைத்த பாண் எவ்வாறு உணவாகும்?

இதனினும் பெரிய கேடு ஒன்று உளது. ஆமையின் ஓடு என்பது அதன்மேற் கவிழ்த்து வைத்த கிண்ணம் அன்று. முதுகெலும்பும் விலாவெலும்புகளும் விரிந்து ஒன்றாகி அமைந்த எலும்புக்கூடே அவ்வோடு. அதன்மேல் நகம் போன்ற பொருளாலான தகடுகள் போர்த்தியிருக்கின்றன. ஆகவே ஓடு வளர்வதற்குக் கல்சியம் மிகுதியாக வேண்டும். உணவிலே கல்சியமும் பொசுபரசும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவிலேனும் இருத்தல் நன்று. அரிசி, கோதுமை, பருப்பு, கடலை ஆகியவற்றிலோ இவ்வளவு தலைகீழாக இருக்கிறது. பொசுபரசே பன்மடங்கு மிகுதி. வாழைப்பழத்திலும் அவ்வாறே. பொசுபரசு மிகுந்து கல்சியம் குன்றினால், குருதியிலே கல்சிய அளவைக் காக்கும் பொருட்டு உடல் தன் எலும்பிலிருந்தே அதனைக் கரைத்தெடுக்கிறது. வருவாய் இல்லாத குடும்பம் வீட்டுக் கூரையைப் பிடுங்கி விற்று உண்பது போன்றது இது. ஓடு மென்மையாகிறது, கால் எலும்பு வளைகிறது, தாடை தளர்ந்து, இலையைக் கடித்து அறுக்கும் வலிமை போய்விடுகிறது. அயலார் வியந்த அந்த விரைந்த வளர்ச்சி, அடித்தளம் இல்லாமல் எழுந்த சுவராக முடிகிறது.

ஆயின் மடுல்கெல்லவிலே தரையாமைக்கு ஏற்ற உணவுக்கு எங்கே போவது? தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. அறுகம்புல், கினிப்புல்லின் இளந்தளிர், வல்லாரை, செவ்வரத்தையின் இலையும் பூவும், முசுக்கட்டை இலை, முட்கள் நீக்கிய நாகதாளித் தண்டு ஆகியவை யாவும் ஏற்றவையே. பத்துப் பங்கு உணவில் எட்டுப் பங்கேனும் புல்லும் இத்தகைய இலைகளுமாக இருத்தல் வேண்டும். எஞ்சிய பங்கிலே கரட், பூசணி, வற்றாளை இலை முதலியன சிறிதளவு சேரலாம். பழம், வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு துண்டுக்கு மேற்படலாகாது. சலாது இலை கேடு செய்யாது; ஆயினும் அதிற் பெரும்பகுதி நீரேயாதலால், அதனை மட்டும் கொடுப்பது பசித்தவனுக்கு மோர்த்தண்ணீரை ஊற்றுவது போன்றது.

பசளி, முளைக்கீரை போன்றவை மனிதருக்கு நல்லவை. எனினும் அவற்றிலுள்ள ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைப் பற்றிக்கொண்டு, உடலிற் சேரவிடாமற் செய்துவிடும். ஆதலால் அவற்றை நாள்தோறும் கொடுத்தலாகாது. கோவா இலையையும் அடிக்கடி கொடுத்தால் கழுத்துச் சுரப்பியின் வேலை கெடக்கூடும். கணவாய் ஓட்டைப் பொடி செய்து ஒரு சிட்டிகை வீதம் வாரத்தில் இரண்டு மூன்று முறை இலைமீது தூவுவது நல்ல வழக்கம். அது கிடையாதவிடத்து, நன்கு அவித்து உலர்த்தி அரைத்த முட்டைக்கோதும் பயன்படும்.

தோட்டப்புற வீடுகளுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை வேண்டும். தேயிலை வரிசைகளுக்கிடையே வளரும் புல் பசுமையாகத் தோன்றினும், அங்கே களைநாசினி தெளித்திருக்கக்கூடும். எப்போது, என்ன தெளித்தார்கள் என்பதை அறியாத இடத்துப் புல்லை அறுத்து ஆமைக்கு இடலாகாது. வேலியோரம் அடர்ந்திருக்கும் உன்னிச் செடி, அலரி, ஆனைக்கொய்யா இலை, சேம்பிலை, தக்காளி உருளைக்கிழங்குச் செடிகளின் இலை என்பன யாவும் நஞ்சுடையனவாகவோ தீங்கு செய்வனவாகவோ உள்ளன. ஆட்டுக்கு வெட்டிப் போடும் கிளிரிசிடியாத் தழையையும் விலக்குதல் நன்று. ஆடு தின்பதை ஆமையும் தின்னலாம் என்று கொள்வது தவறு.

மூன்றாவது, வெயில். எத்துணை நல்ல இலையைக் கொடுத்தாலும், எத்துணைக் கணவாய் ஓட்டைத் தூவினாலும், அவற்றிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு உயிர்ச்சத்து டி இன்றியமையாதது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலிற் படும்போது ஆமை அவ்வுயிர்ச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. வறண்ட வலயத்திலே வெயிலுக்குப் பஞ்சமில்லை. மடுல்கெல்லவிலோ காலையில் மூடுபனி, மாலையில் மழை. முகில் மூடிய நாட்களில் அக்கதிரும் மிகக் குறைந்துவிடுகிறது. சிலர் ஆமைப் பெட்டியைக் கண்ணாடிச் சன்னலருகே வைத்துவிட்டு, வெயில் படுகிறது என்று மன நிறைவு கொள்கின்றனர். ஒளி படுவது மெய்யே. ஆனால் வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. வெயில் கண்ட நாட்களில் ஆமையைத் திறந்த வெளியில் விடல் வேண்டும்; அதே வேளை, வெப்பம் மிகுந்தால் ஒதுங்குவதற்கு நிழலும் வேண்டும். காகமும் நாயும் அணுகாதபடி காவலும் வேண்டும். வெயில் காணாத வாரங்களிலே புற ஊதாக் கதிர் வீசுவதற்கென்றே செய்யப்பட்ட விளக்குதான் துணை.

நான்காவது, சூடு. மனித உடல் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்குகிறது. ஆமையோ அதனைச் சுற்றுப்புறத்திலிருந்து கடன் வாங்குகிறது. ஏறத்தாழ 28 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம் கிடைக்கும்போதே நட்சத்திர ஆமையின் குடல் நன்கு தொழிற்படும். குளிர்ந்த உடலுக்குள் புகுந்த உணவு செரியாமற் கிடந்து அழுகுகிறது. ஆகவே, குளிரும் காலைப்பொழுதில் உணவை வைப்பது பிழை. முதலில் ஆமை சூடேறட்டும். அது தானாக நடமாடத் தொடங்கிய பின்னரே உணவு வைக்கப்பட வேண்டும். நட்சத்திர ஆமை, ஐரோப்பிய ஆமைகள் சிலவற்றைப் போலக் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் இனமன்று. மார்கழி, தை மாதங்களில் அது அசையாதிருந்தால், ‘தூங்குகிறது’ என்று விட்டுவிடலாகாது. அது குளிரால் ஒடுங்குகிறது என்று உணர்தல் வேண்டும். இரவில் உலர்ந்த புல் பரப்பிய பெட்டியும் ஏற்ற வெப்ப விளக்கும் அதற்கு வேண்டும். சூட்டிற்காக அடுப்பங்கரையில் வைப்பதும் தீமையே. விறகுப் புகை அதன் நுரையீரலுக்கு ஆகாது.

நீரைப் பற்றியும் ஒரு சொல். வறண்ட நிலத்து உயிர் ஆதலால் அதற்கு நீர் வேண்டாம் என்று எண்ணுவோர் உளர். நீர் குறைந்த ஆமையின் மூத்திரப் பையிலே கல் உண்டாகிறது. ஆமை நடந்து ஏறி இறங்கக்கூடிய ஆழமற்ற தட்டிலே நாள்தோறும் புதிய நீர் வைத்தல் வேண்டும். குஞ்சுகளை வாரத்தில் இரண்டு மூன்று முறை, தாடை நனையாத ஆழமுள்ள இளஞ்சூட்டு நீரிலே கால்மணி நேரம் நிற்கவிடுவது நன்று. காற்றின் ஈரப்பதமும் வளர்ச்சியைப் பாதிப்பதாகும். ஆபிரிக்கத் தரையாமைக் குஞ்சுகளைக் கொண்டு நிகழ்த்தி 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதனை எடுத்துக்காட்டிற்று. உணவிற் புரதம் மிகுந்தமையாலேயே ஓடு கூர்ங்கோபுரம்போல் மேடிடுகிறது என்று அதுவரை பலர் கருதினர். வறண்ட காற்றில் வளர்ந்த குஞ்சுகளின் ஓடே மிகுதியாக மேடிட்டது என்றும், புரதத்தின் பங்கு சிறிதே என்றும் அவ்வாய்வு கண்டது. இவ்வொரு வகையில் மடுல்கெல்லவின் ஈரக்காற்று ஆமைக்கு நன்மையே. ஆனால் ஈரமும் குளிரும் ஒன்றுசேர்ந்தால் சளி நோயாக மாறும். ஈரத்தோடு சூடும் இருத்தல் வேண்டும்.

நல்ல உணவின் ஆற்றலை உலகறியக் காட்டிய ஆமை ஒன்று உண்டு. நெப்போலியன் சிறையிருந்து இறந்த சென் எலினாத் தீவுக்கு 1882ஆம் ஆண்டிலே சீசெல்சுத் தீவுகளிலிருந்து முழு வளர்ச்சி பெற்ற பேராமை ஒன்று கொண்டுவரப்பட்டது. ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் வாழ்ந்த அதற்கு யோனதான் என்று பெயர். 1832ஆம் ஆண்டளவில் அது முட்டையிலிருந்து வெளிவந்திருக்கலாம் எனக் கணித்து, ஆமையினத்திலேயே மிக முதியது என்று 2022இல் கின்னஸ் நிறுவனத்தார் அதனைப் பதிந்தனர். முதுமையில் அது கண்பார்வை இழந்து, முகர்வுணர்ச்சியும் குன்றி, அலகு மழுங்கி, புல்லைச் சரிவரக் கடிக்க இயலாது மெலிந்தது. தீவின் விலங்கு மருத்துவர் யோ ஒலின்சு என்பார், வாரந்தோறும் தம் கையாலேயே கரட், வெள்ளரி, சலாது, அப்பிள் முதலியவற்றை அதற்கு ஊட்டலானார். நாளடைவில் அதன் உடல் தேறியது. மழுங்கிய அலகு மீண்டும் கூர்மை பெற்றது. முதுமையில் மெலிந்த பேராமைக்கு மருந்தாக அமைந்த இவ்வுணவு, வளரும் குஞ்சுக்கு நாளாந்த உணவாகாது என்பதையும் மறக்கலாகாது. ஒன்றுக்கு வேண்டியதை அறிந்து கொடுத்ததே அம்மருத்துவரின் சிறப்பு.

கல்கத்தாவின் அலிப்பூர் விலங்குச் சாலையில் 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இறந்த அத்வைதன் என்னும் பேராமையையும் இங்கு நினைக்கலாம். கிளைவ் பிரபுவின் தோட்டத்தில் வளர்ந்தது என்பது அதனைப் பற்றிய செவிவழிச் செய்தி. அவ்வளவு நெடிய வாழ்வு வாழக்கூடிய இனத்தைச் சேர்ந்த உயிர் ஒன்றை, ஓராண்டுக்குள் பிஸ்கோத்தால் முடித்துவிடுவது எத்துணை இரங்கத்தக்கது!

ஆமையின் வளர்ச்சியை அளக்கும் கோல் விரைவு அன்று; உறுதியே. திங்கள்தோறும், குஞ்சாயின் வாரந்தோறும், ஒரே நேரத்தில் அதனைத் தராசில் நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். எடை சிறிது சிறிதாகக் கூடுவது நன்று. திடீரென ஏறுவதும் இறங்குவதும் எச்சரிக்கை. கையிலெடுத்தால் கல்லைப் போற் கனக்க வேண்டும். கண் தெளிந்து, மூக்கு உலர்ந்து, நடக்கையில் வயிறு தரையில் உரசாது உயர்ந்திருக்க வேண்டும். உணவின் அளவு, அதன் ஓட்டளவான ஒரு குவியல் இலை எனக் கொள்ளலாம். குறிகளில் ஏதேனும் ஒன்று பிழைத்தாலும் கைவைத்தியத்தில் இறங்கலாகாது. உயிர்ச்சத்து ஊசியைக் கூட அளவு மீறிப் போட்டால் ஆமையின் தோல் உரிந்து போகும். கண்டிச் சுற்றுவட்டாரத்தார்க்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை அண்மையிலேயே இருக்கிறது. ஆமையைத் தொட்ட பின்னர்ச் சிறுவர் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும் கட்டாயம். சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி ஆமையின் உடலில் நோய் தராமலே தங்கியிருந்து மனிதரைத் தாக்கவல்லது. அதனாலேயே 1975ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நான்கு அங்குலத்திற் சிறிய ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், ‘மடுவிலிருந்து வந்த அந்த ஆமைக்கு இவற்றையெல்லாம் செய்தால் போதுமா?’ என்று வினவலாம். போதாது. ஏனெனில் முதற் பிழை, பெட்டியிலே சோற்றை வைத்த நாளில் நேரவில்லை. பற்றையோரம் அதனைத் துணிப்பையில் இட்ட அந்நொடியிலேயே நேர்ந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் நட்சத்திர ஆமையைப் பாதுகாக்கின்றன. அதனைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. வளர்ப்பு விலங்கு வணிகத்திற்காகத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடத்தப்பட்ட நட்சத்திர ஆமைகளைச் சுங்க அதிகாரிகள் பலமுறை கைப்பற்றியிருக்கின்றனர். அழிவுறும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக மாநாடு 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பிலே கூட இருந்தது. அவ்வாண்டின் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களால் அது தள்ளிவைக்கப்பட்டு, ஆகஸ்ட் மாதத்தில் செனீவாவில் நடைபெற்றது. இலங்கையும் இந்தியாவும் பங்களாதேசமும் முன்மொழிந்தவற்றுள் ஒன்றாகிய நட்சத்திர ஆமைப் பாதுகாப்பை அம்மாநாடு ஏற்று, வணிகத்தை முற்றாகத் தடுக்கும் முதலாம் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

ஆகவே அந்த மருமகன் செய்யத்தக்கது யாது? அவனுடைய கதையை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவோம். மாமன் துணிப்பையைத் திறக்கிறார். சிறுவன் ஆமையைக் கண்டு மகிழ்கிறான், பின்னர்ப் பாடசாலையிற் கேட்டறிந்ததை நினைவு கூர்ந்து, “மாமா, இது நம்ம மலைக்கு ஆகாது, இத வச்சிருக்கவும் கூடாது” என்கிறான். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாருக்குச் செய்தி சொல்லப்படுகிறது. அவர்கள் வரும்வரை, அப்பாயி சோற்றுச் சட்டியை மூடி வைத்துவிட்டுத் தன் கையாலேயே அறுகம்புல்லும் செவ்வரத்தைப் பூவும் பறித்து வந்து இடுகிறாள். பகற்பொழுதில் வெயிலும், இரவில் சூடும், தட்டில் நீரும் கிடைக்கின்றன. இரண்டு நாளில் ஆமை, அதனைக் காக்கத் தெரிந்தவர் கைக்குச் செல்கிறது.

சட்டப்படி வேற்றினத் தரையாமை ஒன்றை வளர்க்கும் உரிமை பெற்றவர்களும், காயமுற்ற ஆமைகளைப் பேணும் நிலையங்களில் உழைப்போரும் கடைப்பிடிக்க வேண்டிய முறையும் இதுவே. நாருள்ள எளிய உணவு, எலும்புக்குக் கல்சியம், அதனை எலும்பிற் சேர்க்க வெயில், செரிக்கச் சூடு, தெளிந்த நீர், இவற்றோடு விரைந்து வளரவேண்டும் என்று அவசரப்படாத பொறுமை. முயலோடு ஓடி வென்ற ஆமையின் கதையைச் சொல்லிக் கொடுக்காத பாடசாலை இல்லை. அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், தம் கையிலுள்ள ஆமையை மட்டும் விரைந்து வளரச் சொல்வது முறையாகுமோ? ஆமை ஆமையாகவே வளரட்டும். அப்போது பழமொழியும் பொய்த்துப் போகும். புகுந்த வீடும் உருப்படும், ஆமையும் உருப்படும்.